காவலர் வந்துபோன வீடுகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு முதலமைச்சர், மக்கள் நல்வாழ்வு, உள்துறை, வருவாய், வேளாண்மை, பள்ளிக் கல்வித் துறைகள், சட்டமன்றக் கட்சித் தலைவர்கள், நாளிதழ், தொலைக்காட்சி ஆசிரியர்கள்.

அனுப்புநர்: தற்கொலையில் மகனை, மகளை, கணவரை, மனைவியை, தாய் தந்தையை, கூடப்பிறந்தவரைப் பறிகொடுத்தவர்கள், முயன்று பிழைத்தவர்கள், எங்களோடு நிற்கும் மருத்துவர், செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர்கள்.

2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். நாளொன்றுக்கு 54 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம். இந்தியா முழுமைக்கும் லட்சம் பேருக்கு 12.4 ஆக இருந்த விகிதம் இங்கே 25.9. வீட்டுக்கு ஐந்து பேர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் புதிதாக எங்கள் வரிசையில் சேருகிறார்கள்.

எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க எந்த ஆய்வும் வேண்டாம். எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அரசு ஏற்கெனவே வந்திருக்கிறது. காக்கி உடையில் வந்தது. பெயர், வயது, முகவரி, கைபேசி எண், வீட்டில் இருப்போர் விவரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவுப்படி அந்த மரண விசாரணை அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ போய்ச்சேர வேண்டும். இறந்தவரைப் பற்றிய தாள் இவ்வளவு விரைவாகப் பயணிக்கிறது. இருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு பத்தி சேர்த்து, அதன் இன்னொரு நகலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்புங்கள் என்பதுதான் இந்தச் சாசனத்தின் சாரம். மற்றவை அதிலிருந்து பிறப்பவை.

இது இரக்கம் கேட்கும் மனு அல்ல. பிரிட்டனில் நெருங்கியவரை இழந்த 3,432 இளவயதினரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், திடீர் இயற்கை மரணத்தில் ஒருவரை இழந்தவர்களைவிட, தற்கொலையில் இழந்தவர்கள் தாமும் அதற்கு முயலும் வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதல் என்று தெரியவந்தது. இறப்பு நடந்த வீட்டுக்குப் போவது அடுத்த இறப்பைத் தடுக்கும் வேலையும்தான்.

முதல் நாள்

உதவி ஆய்வாளரும் ஒரு காவலரும் வருகிறார்கள். "புகார் எழுதிக் குடுங்க, அப்பத்தான் பாடியை எடுக்க முடியும்" என்கிறார்கள். யார்மேல் புகார்? பெற்ற மகளின் சாவைப் பற்றி அப்பா வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். கை ஓடவில்லை. பக்கத்தில் நிற்கும் ஊர்ப் பெரியவரோ அந்தக் காவலரோ வழி சொல்கிறார்கள்: "தீராத வயித்து வலின்னு எழுதிடுங்க, பின்னால பிரச்சினை வராது." எழுதிவிடுகிறார். மறுநாள் பேப்பரிலும் அதே வயிற்றுவலி. அந்தப் பெண் கடைசி ஆறு மாதம் தூங்காமல் கிடந்தது, ஒரே ஒரு முறை அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சத்து மாத்திரையோடு திரும்பியது, எதுவும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. செய்தியில் வரும் அவ்வளவு பேருக்கும் வயிற்றுவலி என்றால் இந்த மாநிலத்துக்கு முதலில் தேவை குடல் மருத்துவர்கள்தான்.

பிறகு பிணவறை. இரவு நேரப் பிரேதப் பரிசோதனைக்கு 2021 நவம்பரில் ஒன்றிய அரசு அனுமதி தந்தது; கொலை, தற்கொலை போன்ற மரணங்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. விலக்கியதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் மாலை நாலு மணிக்கு மேல் போன குடும்பம் விடியும்வரை பிணவறை வாசலில் கிடக்கிறது. உட்காரத் திண்ணை இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை எங்கோ பிரசவ வார்டுப் பக்கம். காலையில் வெள்ளைத் துணி வாங்கி வா, பாலிதீன் வாங்கி வா, பஞ்சு வாங்கி வா என்று ஆளனுப்புவார்கள். அதற்கு மேல் கையில் கொடுக்கவேண்டியதும் உண்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதான். அரசின் அமரர் ஊர்தி இலவசம் என்று யாரும் சொல்லாததால் தனியார் வண்டிக்குப் பணம் கட்டியவர்கள் எங்களில் பலர்.

ஆகவே கோருகிறோம்:

1. தற்கொலை என்று சந்தேகிக்கப்படும் எந்த மரணத்திலும், காவலர் போகும் வீட்டுக்கு முதல் மூன்று நாட்களுக்குள் இன்னொருவரும் போகவேண்டும். அவர் மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கட்டும். பயிற்சி பெற்ற கிராம சுகாதார செவிலியராக இருக்கட்டும். எங்களைப் போல இழந்து, பயிற்சியும் எடுத்துக்கொண்ட ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. விசாரணைக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. குறிப்பேடு எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். பதினாறாம் நாளுக்கு முன் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை, முதலாண்டு நினைவு நாளையொட்டி ஒரு முறை அவரே திரும்ப வரவேண்டும்.

நடக்கிற காரியமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். 19,834ஐ 38 மாவட்டங்களால் வகுத்தால் மாவட்டத்துக்கு ஆண்டில் 522 வீடு, வாரத்துக்குப் பத்து. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் ஊர் ஊராக ஆள் வைத்து நடத்தும் அரசுக்கு வாரம் பத்து வீடு பெரிய சுமை இல்லை. அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் ஃபிராங்க் கேம்பெல் என்பவர் இதே முறையைத் தொடங்கினார்: மரண விசாரணை அதிகாரி போகும் இடத்துக்கே, முன்பு இழந்தவர்களும் ஆலோசகர்களும் சேர்ந்த குழு போனது. தாமாக உதவி தேடிவர அங்கே குடும்பங்களுக்கு முன்பு சராசரியாக நாலரை ஆண்டு பிடித்தது. குழு போன வீடுகளில் அது 39 நாட்களாகக் குறைந்தது. நாலரை ஆண்டில் ஒரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் ஆகிவிடும் என்று எங்களைக் கேளுங்கள்.

2. மாவட்ட, வட்ட மருத்துவமனைப் பிணவறை ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூரை, இருக்கை, குடிநீர், கழிப்பறையோடு காத்திருப்பு இடம். அமரர் ஊர்தி இலவசம் என்ற பலகை பெரிய எழுத்தில். துணியும் மற்ற பொருட்களும் மருத்துவமனைச் செலவில். அங்கே கைநீட்டுவது தனிக் குற்றமாகக் கருதப்பட வேண்டும். இந்தக் கையூட்டை மற்றக் கையூட்டோடு சேர்த்துப் பார்க்க எங்களால் முடியவில்லை.

3. பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட, 60 வயது கடந்த ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அதைக் கடைப்பிடித்தால் போதும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இறந்தால் நடக்கும் கோட்டாட்சியர் விசாரணை தொடரவேண்டும், கூர்மையாகவும் நடக்கவேண்டும். துன்புறுத்தியவர் தப்பிக்க இந்தச் சாசனத்தின் ஒரு வரியும் பயன்படக்கூடாது. ஆனால் ஒரே கேள்வியை வெவ்வேறு மேசைகளில் நாலு முறை கேட்பதால் உண்மை வந்துவிடாது.

4. கடைசிக் கடிதம். அது வழக்குச் சொத்தாகிப் போய்விடுகிறது. கையெழுத்துச் சோதனைக்குப் போகிறது. வழக்கு முடிந்தபின்னும் திரும்புவதில்லை. பிள்ளை தனக்கு எழுதிய ஒரே கடிதத்தை ஒரு முறைகூட முழுதாகப் படிக்காத தாய்மார் எங்களில் இருக்கிறார்கள். கடிதத்தின் நகலை ஒரு வாரத்துக்குள் குடும்பத்திடம் கொடுங்கள். கைபேசியில் இருக்கும் படங்களின் நகலையும்.

பதினாறு முடிந்த பிறகு

உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போனபின் தாள்களின் காலம் தொடங்குகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை. உள்ளுறுப்புகளின் வேதியியல் பரிசோதனை முடிவு தடய அறிவியல் துறையிலிருந்து வரவேண்டும் என்று மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள். காவல் நிலையத்தில் கேட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில் கேட்டால் காவல் நிலையம்.

இதற்கிடையே ஒரு பொய் ஊரெல்லாம் உலவுகிறது: "தற்கொலைன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது." ஆயுள் காப்பீட்டில் பாலிசி தொடங்கி 12 மாதத்துக்குள் நடந்தால்தான் முழுத்தொகை இல்லை, அப்போதும் கட்டிய பிரீமியத்தில் பெரும்பகுதி திரும்பவேண்டும். ஓராண்டு தாண்டியிருந்தால், பாலிசி காலாவதியாகாமல் இருந்தால், தொகை முழுதாக வரவேண்டியது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு முறை பிடிக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடும் எந்தக் காரணத்தால் நேர்ந்த மரணத்துக்கும் 2 லட்சம் ரூபாய் தருவது. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்ட குடும்பங்கள் எத்தனையோ. முகவர்களும் சொல்வதில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்கக் கூச்சம்.

5. பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேதியியல் முடிவும் 60 நாட்களுக்குள் குடும்பத்தின் கையில். முதல் மூன்று நாட்களுக்குள் வரும் அந்த இன்னொருவர் ஒரு கையேடும் கொண்டுவர வேண்டும்: எந்தச் சான்று எங்கே, காப்பீட்டு விதி என்ன, விதவை ஓய்வூதியமான 1,200 ரூபாய்க்கு எப்படி விண்ணப்பிப்பது, கடன்காரர் வந்தால் என்ன சொல்வது, குழந்தையிடம் என்ன சொல்வது. எளிய தமிழில், பெரிய எழுத்தில், படம் போட்டு.

6. இறந்தவர் வாங்கிய குழுக்கடன், நிதி நிறுவனக் கடன், செயலிக் கடன் எதையும் குறைந்தது ஆறு மாதம் வீட்டில் வந்து கேட்கக்கூடாது. கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்பதை நிறுவனமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்து இருக்கிறது. கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டம் 2025இல் வந்தது. சட்டம் இருக்கும்போதே குழுக்காரர் பதினேழாம் நாள் திண்ணையில் வந்து உட்காருகிறார்.

7. குழந்தைகள். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டத்தை, ஒருவரைத் தற்கொலையில் இழந்து மற்றவரின் கூலியை நம்பியிருக்கும் குழந்தைகளுக்கும் விரிக்க வேண்டும். பள்ளிக்குத் திரும்பும் முதல் நாள் வகுப்பாசிரியர் என்ன செய்யவேண்டும் என்பதற்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். இறைவணக்கக் கூட்டத்தில் அறிவிக்காமலிருப்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

8. மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு ஞாயிறு, இழந்தவர்கள் கூடிப்பேச ஓர் அறை. மனநலப் பிரிவு என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே வேண்டாம். அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் இன்னும் நிறைய.

இன்னொன்றும் உண்டு. அதை அரசிடம் கேட்கமுடியாது; இங்கே எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. பரிகாரச் செலவைக் கொடுத்துவிட்டு வீட்டைக் காலி செய் என்கிறார் வீட்டு உரிமையாளர். தங்கைக்கு வந்த வரன், விஷயம் தெரிந்ததும் நின்றுபோகிறது. பரிசோதனை முடிந்த உடலை வீட்டுக்குள் விடாமல் தெருவிலேயே வைத்து எடுத்துப்போகும் ஊர்கள் உண்டு. துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்னதான் பிரச்சினை?" குருக்களிடமும் பங்குத்தந்தையிடமும் இமாமிடமும் ஊர்த் தலைவரிடமும் கேட்கிறோம்: மற்ற சாவுக்கு என்ன சடங்கோ, என்ன மரியாதையோ, அதையே இதற்கும் செய்யுங்கள்.

பிழைத்து வந்தவர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் "பாய்சன் கேஸ்" என்று ஒரு பெயர். விபத்துப் பதிவேட்டில் பதிவு, வயிற்றைக் கழுவுதல், நாலு நாள் வார்டு, டிஸ்சார்ஜ். இடையில் திட்டு. "பெத்தவங்களை நினைச்சுப் பாத்தியா?" நினைத்துப் பார்த்ததால்தான் பலர் அதுவரை தள்ளிப்போட்டார்கள்.

முயன்றவரைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின் பல்லை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு பிடுங்கியது: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு இணையான பொதுப் பிரிவே இல்லை. ஆனாலும் போலீஸ் கேஸ் ஆகும் என்று சொல்லித் தனியார் மருத்துவமனைகள் திருப்பி அனுப்புவதும், அதே பயத்தில் குடும்பங்கள் நேரத்தை வீணடிப்பதும் நிற்கவில்லை.

இதில் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் நடத்திய ஆய்வின் ஓர் இடம் சென்னை. பிழைத்தவருக்கு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ "எப்படி இருக்கிறீர்கள்" என்ற விசாரிப்பு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் அந்த 18 மாதத்துக்குள் தற்கொலையில் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். 2008இல் வெளியான முடிவு. மாத்திரை இல்லை, கருவி இல்லை, ஒன்பது அழைப்பு. இதைவிட மலிவான மருத்துவத்தை எந்த நிதித்துறையும் கண்டதில்லை.

9. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு மணி நேரமும் ஒன்பது அழைப்பும். அரசு, தனியார் இரண்டிலும். டிஸ்சார்ஜ் தாளில் அழைப்பவரின் பெயர் இருக்கவேண்டும், வெறும் எண் போதாது. முயன்றவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனையின் பதிவு கேள்விக்குள்ளாக வேண்டும்.

கைக்கெட்டாமல் வைப்பது

ஆத்திரத்திலும் விரக்தியிலும் எடுக்கும் முடிவுகளில் பல, சில மணி நேரம் தாக்குப்பிடித்தால் கடந்துவிடக்கூடியவை. அந்த நேரத்தில் வீட்டில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை இலங்கை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. விளைச்சல் விழவில்லை. தமிழ்நாடு 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது. 60 நாள்தான், ஏனென்றால் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவே. நீட்டித்தால் இன்னும் 30 நாள். அப்புறம் அதே டப்பா அதே கடையில்.

10. அந்த 60 நாள் வரம்பை நீக்கச் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசை நெருக்க வேண்டும். அதுவரை, உழவர் அட்டையோ நிலச் சான்றோ இல்லாமல் விற்பனை இல்லை. தனியாக வரும் சிறுவருக்கு எலி மருந்து இல்லை. ஊருக்குப் பொதுவாகப் பூட்டு போட்ட சேமிப்பறை.

11. திங்கட்கிழமை மனு நாள். ஆட்சியர் அலுவலக வாசலில் காவலர்கள் பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்து உள்ளே விடுகிறார்கள். 2017 அக்டோபரில் நெல்லையில் கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்தும் தீராமல் கணவன், மனைவி, இரு குழந்தைகள் பலியானபின் இந்தச் சோதனை இறுகியது. பாட்டிலில் ஏதாவது இருந்தால் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதிகாரியைக் கட்டாயப்படுத்த முயன்றதாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 226ஆம் பிரிவு காத்திருக்கிறது. எதற்காக அந்த பாட்டிலோடு இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தார் என்று கேட்பதற்கு வாசலில் ஆள் இல்லை. காவலருக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசகர் உட்காரட்டும். பிடிபட்டவரின் மனு அன்றைக்கே ஆட்சியரின் கைக்குப் போகட்டும்.

தடுப்பு வேறு வழிகளிலும் முடியும். தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே எழுத வழிசெய்த துணைத்தேர்வு தமிழ்நாடு கண்ட நல்ல தடுப்பு முறை. முடிவு வெளியாகும் நாட்களில் அரசின் 104 உதவி எண்ணிலிருந்து மாணவர்களை அழைத்துப் பேசுவதும் நல்லது. நீட் உட்பட எல்லாப் போட்டித் தேர்வுக்கும் அது தொடரவேண்டும். மதுவைப் பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை: கடையை நடத்துவது அரசு, எனவே வட்டத்துக்கொரு மறுவாழ்வுப் படுக்கைப் பிரிவும் அந்த வருமானத்திலிருந்தே வரவேண்டும்.

செய்தி போடுவோருக்கு

12. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இலேயே நெறிமுறை வகுத்தது: தலைப்பில் முறையைச் சொல்லாதே, படம் போடாதே, கடிதத்தை அச்சிடாதே, ஒற்றைக் காரணத்தில் அடைக்காதே. அதை எல்லாம் மீறிவிட்டுக் கடைசியில் பொடி எழுத்தில் உதவி எண் போடுவது எங்கள் கண்ணில் கேலியாகவே படுகிறது. முகநூலிலிருந்து எடுத்த பிள்ளையின் படத்தை யூடியூப் முகப்பில் சிவப்பு வட்டத்தோடு பார்க்கும் தாயின் நிலையை யோசியுங்கள். குடும்பம் கேட்டால் 24 மணி நேரத்தில் அகற்றும் பொறுப்பை ஆசிரியர் ஒருவர் பெயர் சொல்லி ஏற்கவேண்டும்.

கணக்கும் காசும்

2022 அறிக்கையில் நாடு முழுதும் 31.7 விழுக்காட்டு மரணங்களுக்குக் காரணம் "குடும்பப் பிரச்சினை". எதையும் சொல்லாத காரணம் அது. எண்ணிக்கையையும் முழுதாக நம்புவதற்கில்லை. வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்கள் 1994 முதல் 1999 வரை வீடுவீடாகக் கேட்டு எடுத்த கணக்கில் லட்சம் பேருக்கு 95 என்று வந்தது. போலீஸ் கணக்கின் தேசிய விகிதமோ அதில் ஒரு சிறு பகுதி.

13. குற்றப் பதிவிலிருந்து பிரித்து, நலவாழ்வுத் துறையின் பொறுப்பில், மாவட்டவாரியாக, மாதந்தோறும் ஒரு தற்கொலைப் பதிவேடு. முயற்சிகளும் அதில் ஏறவேண்டும். பெயர் வெளிவரக்கூடாது. தற்கொலையை 2030க்குள் 10 விழுக்காடு குறைப்பதாக 2022 நவம்பரில் வெளியான தேசிய உத்தி இலக்கு வைத்தது. தமிழ்நாடு தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10 அன்று முதலமைச்சர் அதை மக்கள் முன் வைக்கட்டும். ஜப்பான் 2006இல் இயற்றிய தற்கொலைத் தடுப்புச் சட்டத்தில் இழந்த குடும்பங்களுக்கான ஆதரவும் ஒரு பகுதி. அப்படியொரு மாநிலச் சட்டமும், அதற்குத் தனித் தலைப்பில் நிதியும், அதைக் கண்காணிக்கும் குழுவில் பாதி இடம் எங்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் வேண்டும்.

கையூட்டைத் தனிக் குற்றமாக்குவது தவிர, முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் புதிய சட்டமோ சட்டமன்றக் கூட்டமோ தேவையில்லை. உள்துறையும் நலவாழ்வுத் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை போட்டால் அடுத்த மாதமே தொடங்கலாம். நாளிதழில் வரும் 19,834 என்ற எண்ணை மாவட்டவாரியாகப் பிரித்து, அதிகம் உள்ள ஐந்து மாவட்டங்களில் முதலில் தொடங்கினாலும் சம்மதம்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கோ உடனிருப்பவருக்கோ உதவி வேண்டுமென்றால்: தமிழ்நாடு அரசின் 104, டெலி மானஸ் 14416, 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தொண்டு நிறுவனம், 044-24640050. இழந்தவர்களும் இந்த எண்களை அழைக்கலாம்.